பிலிப்பைன்ஸ் விளம்பரங்களில் இரவல் முகங்கள்

மணிலாவின் எளிய ஜனங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கையிலேந்திப் பழகிய ஒரு மதுப்புட்டியின் முகப்பில், சிறகு விரித்து வாளை ஓங்கிய அதிதூதர் மிக்கேல், தம் காலடியில் வீழ்ந்து கிடக்கும் பிசாசை அடக்கி நிற்கிறார். ஹினெப்ரா சான் மிகேல் என்னும் ஜின் மதுவுக்குரிய அடையாளச் சித்திரம் அது. வென்றவர் தேவதூதரேயாயினும், அந்தச் சித்திரத்துக்கு 'மார்க்கா டெமோனியோ', அதாவது பிசாசு மார்க் என்று பெயர் நிலைத்துவிட்டது. 1917-ஆம் ஆண்டில் இதை வரைந்து கொடுத்தவர் பெர்னாண்டோ அமோர்சோலோ. வயல்வெளிகளின் மீது விழும் வெயிலை வரைவதில் நிகரற்றவரென்று பின்னாளில் பெயர்பெற்று, 1972-இல் காலமான சில நாட்களுக்குள் 'தேசியக் கலைஞர்' என்னும் விருது அந்நாட்டில் முதன்முதலாக வழங்கப்பெற்றவர் இவரே. சித்திரம் எழுதிய காலத்தில் அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பள்ளியில் 1914-இல் தேறி, அங்கேயே போதனை செய்துகொண்டும், கம்பெனிகளுக்கு வரைந்து கொடுத்துக்கொண்டும் ஜீவனம் நடத்தி வந்தார்.

அந்த ஜின்னை வடித்த வடிசாலை அக்காலத்தில் அயாலா குடும்பத்தாரின் உடைமை. 1834 முதற்கொண்டு ஜின் வடித்துவந்த இந்த ஸ்தாபனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த என்ரிக்கே சோபெல் டெ அயாலாவே, அமோர்சோலோவை ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரிலுள்ள சான் பெர்னாண்டோ கலாசாலைக்குத் தம் பொருட்செலவில் அனுப்பிவைத்தவர். ஓர் ஓவியனின் கலைவாழ்வும் ஒரு மதுப்புட்டியின் வியாபார வாழ்வும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்க்கும்போது, விளம்பரத்தைக் கலையின் தாழ்ந்த கிளையாக ஒதுக்கிவிடும் நம்முடைய வழக்கம் பிலிப்பைன்ஸ் விஷயத்திலேனும் செல்லாது என்று எனக்குத் தோன்றுகிறது. தேசத்து மக்களில் அமோர்சோலோவின் தைலவர்ணச் சித்திரத்தைக் காட்சிச் சாலையில் நின்று கண்டவர்கள் மிகச் சிலரே. அவருடைய அதிதூதரைக் காணாதவரோ அநேகமாக இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, வியாபாரி அந்த முகத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை என்பதே. 1565 தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பானியர் ஆட்சியிலிருந்த அத்தீவுகளில், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. அவருக்கென்று ஆண்டுதோறும் திருவிழா உண்டு. அலங்கரித்த தேரில் அவர் சுரூபம் வீதிவலம் வருவதும், குடும்பங்கள் அதற்குப் பட்டாடையும் சரிகையும் காணிக்கையாகக் கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கங்கள். பிள்ளைப் பிராயம் முதற்கொண்டு பீடத்தில் கண்டு கைகூப்பிய ஒரு திருமுகத்தை, கடைப்பலகையில் அடுக்கிய புட்டியின் மேல் காண்கின்றவனுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. கோயில் சம்பாதித்து வைத்திருந்த விசுவாசத்தை வடிசாலை இரவல் வாங்கிக்கொண்டது. பிலிப்பைன்ஸ் விளம்பரங்களின் சரித்திரத்தை ஓரளவு கூர்ந்து பார்ப்பவர்களுக்கு, இவ்விதமான இரவலே அதன் ஆதாரமென்பது புலப்படும். கோயிலிலிருந்தும், அழகுராணியின் சிம்மாசனத்திலிருந்தும், பாட்டுப் போட்டியின் மேடையிலிருந்தும், கூடைப்பந்து மைதானத்திலிருந்தும் மாறிமாறி முகங்களைக் கடன் வாங்கி வந்த வியாபாரிகள், வெகுகாலத்துக்குப் பிறகே தங்களுக்கென்று சொந்தமாக ஒரு முகத்தைப் படைத்துக்கொள்ளத் துணிந்தார்கள்.

அமெரிக்கர் ஆட்சி ஏற்பட்டபின், மணிலாவில் 1908 முதல் 1939 வரை 'மணிலா கார்னிவல்' என்னும் பெரும் கண்காட்சி நடந்துவந்தது. சர்க்கார் இலாகாக்களும் வியாபார ஸ்தாபனங்களும் தத்தம் சரக்குகளைக் காட்சிக்கு வைத்த அந்த விழாவின் சிகரம், ராணித் தேர்தல். முதலாண்டிலேயே மேல்நாட்டு ராணியாக ஓர் அமெரிக்கப் பெண்ணும், கீழ்த்திசை ராணியாக இலோய்லோவைச் சேர்ந்த பூரா வில்யனுவேவாவும் முடிசூட்டப் பெற்றார்கள். பூரா வெறும் அழகி அல்லர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று எழுதியும் பேசியும் வந்தவர். அவருடைய குமாரத்தி மரியா கலாவும் 1931-இல் அதே விழாவில் பட்டம் பெற்றார். வியாபாரத்தின் நடுவே வைத்துப் போற்றப்பட்ட இந்தச் சுதேச ராணிகள்தாம், பிற்காலத்தில் சோப்புக்கும் முகப்பவுடருக்கும் சாட்சி சொல்ல வந்த நடிகைகளுக்கெல்லாம் முன்னோடிகள்.

சுதேசப் பற்றையும் வியாபாரிகள் விட்டுவைக்கவில்லை. 1896-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தியாகி ஹோசே ரிசாலின் பெயர் சிமெண்ட் மூட்டைமீதுகூட ஏறியது. 1934-இல் 'நேப்பா' என்னும் சுதேசிப் பொருளாதார சங்கம் தோன்றி, உள்நாட்டுச் சரக்கையே வாங்கவேண்டுமென்று பிரசாரம் செய்தபோது, தொரிபியோ தெயொதோரோ நடத்திய 'ஆங் திபாய்' செருப்புக் கம்பெனி போன்ற உள்ளூர்த் தொழில்கள் அந்த உணர்ச்சியினால் பயனடைந்தன. ஆயினும், அதே காலத்தில் ஜனங்களின் மனத்தைப் பெரிதும் கவர்ந்த சித்திர நாயகன் சுதேசி அல்லன்.

அவன் பெயர் கென்கோய். 1929 ஜனவரியில் 'லிவாய்வாய்' வாரப் பத்திரிகையில், ரொமுவால்டோ ராமோஸ் எழுத, டோனி வெலாஸ்கெஸ் வரைய, அவன் அவதரித்தான். பொமேடு பூசிப் படிய வாரிய தலை, தொளதொளத்த காற்சட்டை, பளபளக்கும் தோற்செருப்பு, இங்கிலீஷும் ஸ்பானிஷும் தகாலோகும் கலந்த விசித்திரமான பேச்சு: அமெரிக்க நாகரிகத்தை அவசரமாக அணிந்துகொண்ட உள்ளூர் வாலிபனைக் கண்டு வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அச்சிரிப்பிலே பரிகாசம் எவ்வளவு இருந்ததோ, அவ்வளவு ஆசையும் இருந்தது. பொமேடும் செருப்பும் விற்கிறவனுக்கு வேண்டியதும் அந்த ஆசையே அல்லவா? ஜப்பானியர் ஆக்கிரமிப்பு ஏற்பட்டபோது, இதே வெலாஸ்கெஸின் தூரிகையே 'ட்ரிப்யூன்' பத்திரிகையில் 'காலிபாபி குடும்பம்' என்னும் சித்திரத் தொடரை வரைந்து, புதிய எஜமானர்களின் பிரசாரத்துக்கு உதவ நேர்ந்தது. ஜனங்கள் ஒரு கையெழுத்தின்மேல் வைத்த பிரியத்தை, சரக்கு விற்பவனும் சாம்ராஜ்யம் விற்பவனும் ஒருங்கே உபயோகித்துக் கொள்ளலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

பத்திரிகைக்குப் பின் வந்தது வானொலி. பிலிப்பைன்ஸில் வானொலியை வளர்த்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களே என்பது நினைவில் வைக்கத் தக்கது. மணிலாவின் நாகரிகக் கடைவீதியாகிய எஸ்கோல்டாவிலிருந்த ஹீகாக் பல்பொருள் அங்காடி 1939-இல் தொடங்கிய நிலையமே, இன்றளவும் டி.இஸட்.ஆர்.எச். என்ற பெயரில் ஒலிபரப்பி வருகிறது. அங்காடிக்காரர் வானொலிப் பெட்டியை விற்கவேண்டுமானால், அதில் கேட்பதற்கு ஏதேனும் இருக்கவேண்டும். கேட்பதற்கு ஏதேனும் கொடுத்தால், அதனூடே தம் சரக்கின் பெயரையும் சொல்லிக்கொள்ளலாம். யுத்தத்துக்குப் பின் இந்த ஏற்பாட்டைச் சோப்புக் கம்பெனிகள் தங்கள் கைக்குக் கொண்டுவந்தன. தேங்காய் எண்ணெயிலிருந்து சமையற் கொழுப்பும் சோப்பும் செய்துவந்த பிலிப்பைன் மானுபாக்சரிங் கம்பெனியை 1935-இல் அமெரிக்கப் பிராக்டர் அண்டு காம்பிள் வாங்கியிருந்தது. அதற்குப் போட்டியாக, லீவர் குழுமத்தைச் சார்ந்த பிலிப்பைன் ரிபைனிங் கம்பெனி லக்ஸ் சோப்பை விற்றது.

லக்ஸ் உலகெங்கும் கைக்கொண்ட உபாயம் சினிமா நடிகையின் முகம். 1937-இல் தோன்றிய சம்பகீட்டா பிக்சர்ஸும், மறு ஆண்டில் தோன்றிய எல்.வி.என். நிறுவனமும் நட்சத்திரங்களை மாதச் சம்பளத்துக்கு வைத்து உருவாக்கிக் கொண்டிருந்த நாட்டில், அந்த முகங்களுக்குக் குறைவில்லை. ஆனால், எத்தகைய முகங்கள்? ஸ்பானிய ரத்தமோ அமெரிக்க ரத்தமோ கலந்த, கூரிய நாசியும் வெளுத்த மேனியும் உடைய மெஸ்தீசா முகங்களே வெள்ளித்திரையில் பெரிதும் விளங்கின. நாட்காட்டிகளில் அமோர்சோலோ வரைந்த வயற்காட்டுப் பெண் வட்ட முகமும் செம்மை கலந்த மாநிறமுமாக, வெயிலில் கழுத்துக்குட்டையோடு சிரித்துக்கொண்டிருக்க, சோப்பு விளம்பரத்தில் நிழலான அறைக்குள் வெள்ளைத் தோள் காட்டும் சீமாட்டி வேறொரு தேசத்துப் பிரஜைபோலக் காணப்பட்டாள். உழவுக் கருவி விற்கும் கம்பெனிக்கு மாநிறம். மேனியழகை விற்கும் கம்பெனிக்கு வெண்ணிறம். இந்தப் பாகுபாட்டை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எனினும் அது கோடிக்கணக்கான பெண்களின் மனத்தில் தங்கள் தோலைப் பற்றிய ஒரு மாறாத குறையை விதைத்துவிட்டது. இன்றும் அந்நாட்டுக் கடைகளில் வரிசை வரிசையாக விற்பனையாகும் வெண்மையூட்டும் சோப்புகளையும் களிம்புகளையும் காணும்போது, அந்த விதை எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதை எண்ணி வருந்தாமலிருக்க முடியவில்லை.

விந்தை என்னவென்றால், அந்த வேரை அசைத்த முகமும் சோப்புக் கம்பெனியின் மேடையிலிருந்துதான் வந்தது. பிராக்டர் அண்டு காம்பிள் தன் சரக்குகளை விளம்பரப்படுத்துவதற்காக நடத்திவந்த 'தவாக் நங் தங்காலான்' என்னும் பாட்டுப்போட்டி, வானொலியில் தொடங்கித் தொலைக்காட்சிக்கு ஏறி, பாட்ஸி, லோபீத்தோ என்னும் இரு நகைச்சுவைக் கலைஞர்களின் நிர்வாகத்தில் நாடெங்கும் பிரசித்தி பெற்றது. 1967-இல் அதில் வாகை சூடியவள் நோரா ஔனோர் என்னும் பதினான்கு வயதுச் சிறுமி. பீக்கோல் பிரதேசத்து இரிகா ஊரின் ரயில் நிலையத்தில் பிரயாணிகளுக்குத் தண்ணீர் விற்ற ஏழைக் குடும்பத்துப் பெண், உயரம் குறைவு, நிறம் கறுப்பு, கண்களோ ஒருமுறை கண்டவர் மறக்க முடியாதவை. திரைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் அவள் 'சூப்பர்ஸ்டார்' ஆனாள். வீட்டு வேலைக்காரிகளும், ஆலைத் தொழிலாளப் பெண்களும், கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களும் 'நோரானியர்' என்று தங்களுக்கு ஒரு பெயரே சூட்டிக்கொண்டு அவளைப் பின்தொடர்ந்தார்கள். வெள்ளைத் தோலுக்காகக் காத்திருந்த திரைக்கு முன்னால், தங்கள் நிறத்தவள் ஒருத்தி நிற்பதைக் கண்ட அந்தப் பெண்களின் ஆனந்தத்தை எந்த வியாபாரியும் திட்டமிட்டிருக்க முடியாது. சலவைச் சோப்பு வாங்கும் ஜனங்களைத் தன் பக்கம் இழுக்க விரும்பிய கம்பெனி, அவர்களுள் ஒருத்திக்கு ஒலிபெருக்கியைக் கொடுத்தது. அவளோ கம்பெனியைவிடப் பெரியவளாக வளர்ந்துவிட்டாள்.

இனி, கூடைப்பந்து. உலகத்தில் வேறு பல நாடுகளில் விளையாட்டுக் குழுவுக்கு ஊரின் பெயரை வைப்பார்கள். பிலிப்பைன்ஸில் சரக்கின் பெயரை வைக்கிறார்கள். தொழில்முறைப் போட்டிகளுக்கு முந்திய காலத்திலேயே, தரை மெழுகும் பெயின்டும் செய்த ஒய்.சி.ஓ. கம்பெனியின் குழு 'பெயின்டர்ஸ்' ஆகவும், சுருங்காத பனியன் விற்ற கிரிஸ்பாவின் குழு அந்தத் துணிப்பதனத்தின் பெயரால் 'ரெட்மனைசர்ஸ்' ஆகவும் ஆடின. மணிலாவின் மின்சாரக் கம்பெனியாகிய மெரால்கோவின் குழுவுக்கு 'ரெடி கிலோவாட்ஸ்' என்று பெயர். மின்னற் கோடுகளையே கைகால்களாகவும் மின்விளக்கை மூக்காகவும் கொண்டு, 1926-இல் அமெரிக்காவில் ஒரு மின்சாரக் கம்பெனிக்காகப் படைக்கப்பட்ட கேலிச்சித்திரப் பொம்மையின் பெயர் அது. ஒரு விளம்பரப் பொம்மையின் பெயரைத் தாங்கி, ஆஜானுபாகுவான ஆடவர்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வியர்வை சிந்தி ஆடினார்கள்.

1975 ஏப்ரல் 9-ஆம் தேதி, குபாவோ பகுதியிலுள்ள அரனேட்டா கொலீஸியத்தில், ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமாகிய பி.பி.ஏ. தன் ஆட்டங்களைத் தொடங்கியது. டொயோட்டா, கிரிஸ்பா, ராயல் ட்ரூ-ஆரஞ்சு, டாண்டுவாய், செவன்-அப் என்று களமிறங்கிய குழுக்களின் பெயர்ப் பட்டியலைப் படிப்பவர், அதை மளிகைக் கடைக் கணக்கு என்று நினைத்தாலும் பிழையில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்கின் பெயரை ஒலிபரப்பாளர் வாயால் ஓர் இரவுக்குள் நூறுமுறை சொல்லவைக்கவே குழுவைப் பராமரித்தது. ஆனால் பார்வையாளன் டொயோட்டாவுக்காகவோ கிரிஸ்பாவுக்காகவோ கூச்சலிட்டபோது, காரையும் பனியனையுமா மனத்தில் நினைத்தான்? தனக்கும் அந்த ஆட்டக்காரனுக்கும் இடையில் தானே கற்பித்துக்கொண்ட பந்தத்தை நினைத்தான்.

ராபர்ட் ஜவோர்ஸ்கியின் வரலாறு இதை விளக்கப் போதுமானது. போலந்து வம்சத்து அமெரிக்கத் தகப்பனுக்கும் பிலிப்பினோத் தாய்க்கும் பிறந்த இவர், மெரால்கோவிலும் பின்பு டொயோட்டாவிலும் ஆடிப் பெயர்பெற்று, டொயோட்டா குழு கலைந்தபின் 1984-இல் லா டொண்டேன்யா வடிசாலையாரின் ஜின் குழுவுக்கு வந்தார். 1924-இல் அயாலாக்களிடமிருந்து வடிசாலையை விலைக்கு வாங்கிய அதே லா டொண்டேன்யா. அதே அதிதூதர் மதுபானம். 1985-இல் குழுவுக்கு ஹினெப்ரா சான் மிகேல் என்னும் பெயரே சூட்டப்பட்டது. அவ்வாண்டு ஓர் ஆட்டத்தில், எதிரணியைச் சேர்ந்த ஜெஃப் மூரின் முழங்கை வாயில் இடித்து, உதடு கிழிந்து, ரத்தம் வழிய ஜவோர்ஸ்கி மைதானத்தை விட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்றார். ஒன்பது தையல்கள் போடப்பட்டன. அவரில்லாத குழு பின்தங்கிப் போயிற்று. கடைசிக் கால்பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, வீங்கிய உதட்டோடும் கட்டோடும் அவர் திரும்பி வந்து மைதானத்தில் இறங்கியதைக் கண்ட கூட்டம் தன்னை மறந்தது; குழு ஆட்டத்தை வென்றது. வயது முப்பத்தொன்பதை எட்டிய ஒரு மனிதர், தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள மறுத்த அந்த இரவிலிருந்து, ஜீப்னி ஓட்டுபவனும், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனும், தெருமுனையில் பொரித்த மீன் விற்பவளும் ஹினெப்ராவைத் தங்கள் குழுவாக வரித்துக்கொண்டார்கள். 1986-இல் அக்குழு தன் முதல் கோப்பையை வென்றது. 1999-இல் குழுவின் பெயருக்கு முன் 'பாராங்காய்' என்னும் சொல்லைச் சேர்த்தார்கள். பிலிப்பைன்ஸில் சிற்றூர் நிர்வாகத்துக்கு வழங்கும் பெயர் அது. ஊரின் பெயர் இல்லாத குழு, தானே ஓர் ஊராகிவிட்டது. மலிவான ஜின் விற்பதற்காகத் தொடங்கிய ஏற்பாடு என்பதை நான் மறக்கவில்லை. அந்த ஜின் ஏழைக் குடும்பங்களுக்கு இழைத்த தீமைகளையும் மறுப்பதற்கில்லை. இருந்தாலும், தோல்வியையே அதிகமாகக் கண்ட ஜனங்கள் தங்கள் விடாமுயற்சிக்கு ஓர் உருவத்தை அந்த மைதானத்தில் கண்டார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

பால் கம்பெனிகளும் கூடைப்பந்தையே நாடின. 1970-களில் பிரபலமாயிருந்த அலாஸ்கா பால் விளம்பரத்தில், ஒரு சிறு பையன் வானளாவ நின்ற அமெரிக்க ஆட்டக்காரனை ஒற்றைக்கு ஒற்றையாக ஆடி வென்றுவிடுகிறான். அரை நூற்றாண்டு அமெரிக்க ஆட்சியைக் கண்ட ஒரு தேசத்தில், அந்தச் சில விநாடிக் காட்சி உண்டாக்கிய குதூகலத்துக்குப் பால் மாத்திரம் காரணமாயிருக்க முடியாது. அலாஸ்கா 1986-இல் பி.பி.ஏ.வில் சொந்தக் குழுவையே நிறுவிக்கொண்டது.

சமையலறைப் பண்டங்களின் சீட்டுகளில் வேறுவகை முகங்கள் இடம்பெற்றன. பன்றி வறுவலுக்குப் பேர்போன லா லோமா பகுதியில் கடை நடத்திய தோமாஸ் டெ லோஸ் ரெயெஸ் என்பவர் பெயரால் 'மாங் தோமாஸ்' குழம்பு வந்தது. அரிஸ்டொக்ராட் உணவகத்தை நிறுவிய ஆலிங் ஆசியாங்கின் மகள் தெரெசீத்தா ரெயெஸின் பெயரால் 'மாமா சீத்தா' மசாலைகள் வந்தன. பெரியவர் ஒருவரை மரியாதையாக அழைக்கும் முறைப்பெயரே சரக்கின் பெயராகவும் ஆகிவிட, வாங்குபவள் கம்பெனியிடமிருந்து அல்ல, அடுத்த வீட்டு மூதாட்டியிடமிருந்து வாங்குவதாக உணர்ந்தாள். அந்த உணர்ச்சியை இகழ வேண்டியதில்லை. தோமாஸும் தெரெசீத்தாவும் உண்மையாகவே அடுப்படியில் கைபழகியவர்கள்.

ஆனால், முகம் கிடைக்காமலே போன ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தக்காளி அரிதாயிருந்த நாட்டில் வாழைப்பழத்தைக் கொண்டு கெச்சப் செய்யும் முறையைக் கண்டவர் மரியா ஓரோசா. 1893-இல் பத்தாங்காஸ் மாகாணத்தில் பிறந்து, அமெரிக்காவில் ரசாயனம் பயின்று, தாயகம் திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குப் பண்டங்களைப் பதப்படுத்தும் முறைகளைக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வாழ்நாளைச் செலவிட்டவர். யுத்த காலத்தில் பட்டினி கிடந்த கைதிகளுக்குச் சத்துமாவு செய்து ரகசியமாக முகாம்களுக்கு அனுப்பினார். 1945 பிப்ரவரியில், மணிலாவின் விடுதலைக்காக நடந்த கோரமான போரில் குண்டுத்துண்டு பாய்ந்து மாண்டார். வாழைக் கெச்சப்பைப் பெருமளவில் வியாபாரமாக்கியவர் மக்தாலோ பிரான்சிஸ்கோ. தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'மாஃப்ரான்' என்று அதற்குப் பெயரிட்டார். அந்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மேஜையிலும் நிற்கும் அந்தச் சிவந்த குப்பியின்மேல், அதைச் சாத்தியமாக்கிய விஞ்ஞானியின் முகத்தைக் காணோம். ஜனங்கள் முன்னமே அறிந்த முகத்தைத்தான் வியாபாரி இரவல் வாங்குவான். ஆய்வுக்கூடத்தில் குனிந்திருந்தவளின் முகத்தை யார் அறிந்திருந்தார்கள்?

கூடைப்பந்துச் சங்கம் குபாவோவில் பிறந்த அதே 1975-இல், அதே குபாவோவில், டோனி டான் காக்தியோங் என்னும் சீன வம்சத்து இளைஞர் ஓர் ஐஸ்கிரீம் கடையைத் திறந்தார். ஐஸ்கிரீமைவிட உடன் விற்ற சாண்ட்விச்சும் பர்கருமே அதிகமாகப் போவதைக் கண்டு, 1978-இல் ஜாலிபீ என்னும் பெயரில் உணவகக் கம்பெனியை நிறுவினார். சுறுசுறுப்பாக உழைப்பதும், இனிப்பைத் தேடித் தருவதும், எப்போதும் சந்தோஷமாயிருப்பதுமான தேனீயை அவர் சின்னமாகத் தேர்ந்துகொண்டார். சிவப்புக் கோட்டும், வெள்ளைச் சமையற்காரத் தொப்பியும், பெரிய விழிகளும், காதுமட்டும் நீண்ட சிரிப்புமாக அந்தத் தேனீ கடைவாசலில் வந்து நின்றது.

இது கோயிலிலிருந்தோ திரையிலிருந்தோ மைதானத்திலிருந்தோ வந்த முகமன்று. வயது ஏறாது, சம்பளம் கேட்காது, போட்டிக் கம்பெனிக்கு ஓடிப்போகாது, அவதூறில் சிக்காது. ஒரு வியாபாரிக்கு இவற்றைவிட வேறென்ன அனுகூலம் வேண்டும்? எனினும், அந்தத் தேனீயை ஜனங்கள் ஏற்றுக்கொண்டது அனுகூலக் கணக்கினால் அன்று. 1981-இல் அமெரிக்க மக்டொனால்ட்ஸ் தன் கோமாளியோடு மணிலாவில் வந்திறங்கியபோது, சின்னஞ்சிறு உள்ளூர்க் கம்பெனி நிலைத்து நில்லாது என்றே கருத இடமிருந்தது. ஜாலிபீயோ இனிப்புச் சாற்றில் சாஸேஜ் துண்டுகள் மிதக்கும் ஸ்பகெட்டியையும், பொரித்த கோழியையும், அதனோடு சோற்றையும் பரிமாறியது. பிள்ளைகளின் பிறந்தநாளைக் கடையிலேயே கொண்டாட ஏற்பாடு செய்தது. அத்தகைய விழாவொன்றின் போக்கைக் கவனித்தால், அதன் சூட்சுமம் விளங்கும். காகிதத் தொப்பி அணிந்த சிறுவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, விளையாட்டுகள் நடந்து முடிந்தபின், எல்லோரும் பெயர் சொல்லிக் கூவி அழைக்க, உள்ளிருந்து தேனீ ஆடிக்கொண்டே வருகிறது. பேசுவதில்லை, இடுப்பை ஆட்டுகிறது, கைகளை விரிக்கிறது, பிறந்தநாள் பிள்ளையை அணைத்துக்கொள்கிறது. தைரியசாலிப் பிள்ளைகள் ஓடிப்போய் அதன் வயிற்றைக் கட்டிக்கொள்ள, இரண்டு வயதுக் குழந்தை மிரண்டு பாட்டியின் தோளில் முகம் புதைக்க, பாட்டி சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிக் காட்டுகிறாள். அந்தக் கனத்த உடுப்புக்குள்ளே, அவ்வெப்பமான தேசத்தில், குறைந்த கூலிக்கு வியர்த்துக்கொண்டிருப்பவன் யாரோ ஓர் ஏழை வாலிபன். அவனுடைய முகத்தையும் யாரும் அறிவதில்லை.

பிழைப்புக்காக ரியாத்துக்கும் ஹாங்காங்குக்கும் துபாய்க்கும் போன லட்சக்கணக்கான பிலிப்பினோக்கள், அங்கே திறந்த ஜாலிபீ கடைகளின் வாசலில் முதல்நாள் காலைமுதல் வரிசையில் நிற்பதைக் கேள்விப்படுபவர்கள், அதைப் பொரித்த கோழியின் மகிமை என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, பிறர் பிள்ளைகளை வளர்க்கக் கடல்கடந்து போன தாய், தன் பிள்ளையின் பிறந்தநாளில் தான் இல்லாமற்போன அந்த விழாவைத்தான் அங்கே தேடுகிறாள். சொந்தமாக ஒரு முகத்தைப் படைத்துக்கொண்ட கம்பெனியும் கடைசியில் இரவலை விட்டபாடில்லை. கோயிலுக்கும் மைதானத்துக்கும் பதிலாக, குடும்பத்தின் பாசத்தையே அது கடன் வாங்கியது.

முகத்தைக் கடன் வாங்கும் வித்தையை அரசியல்வாதிகள் வியாபாரிகளிடமிருந்து கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. 1953 அக்டோபர் 23-ஆம் தேதி நாட்டின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பை நடத்தியவர், அப்போதைய ஜனாதிபதி எல்பிடியோ கிரீனோவின் சகோதரர் அந்தோனியோ கிரீனோ. அடுத்த மாதத்துத் தேர்தலில் வென்றவரோ, ராவுல் மாங்லாபுஸ் இயற்றிய மம்போ மெட்டுப் பாட்டு வானொலிதோறும் ஒலிக்க, ஊரூராகச் சுற்றிவந்த ரமோன் மக்சாய்சாய். 1957-இல் எல்.வி.என். நடிகர் ரொகேலியோ டெ லா ரோசா செனட்டரானார். 1998-இல் ஜவோர்ஸ்கியும் செனட்டரானார், அதே ஆண்டில் நடிகர் ஜோசப் எஸ்திராடா ஜனாதிபதியானார். மைதானத்தில் உதடு கிழிந்தும் ஆடியவர் சபையில் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை வாக்காளர் விசாரிக்கவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. நான் அந்த வாக்காளர்மேல் குறை காணமாட்டேன். படித்த வகுப்பாரும் நிலச்சுவான்தார்களும் தலைமுறைகளாகக் கொடுத்த வாக்குறுதிகளைக் கேட்டு ஏமாந்தவர்கள், தங்கள் கண்ணால் கண்ட ஒரே ஒரு மெய்யான காரியத்தை நம்பினார்கள்.

இந்த இரவலுக்கு ஓர் எல்லை உண்டென்று சர்க்கார் சட்டத்தினால் சொன்ன இடம் ஒன்று உண்டு: அது கைக்குழந்தையின் முகம். புஷ்டியான குழந்தையின் படம் ஒட்டிய பால்மாவு டப்பாக்களைக் கண்டு மயங்கிய ஏழைத் தாய்மார்கள், தாய்ப்பாலை நிறுத்தி, மாவைச் சிக்கனத்துக்காக அதிகத் தண்ணீரில், அதுவும் சுத்தமற்ற தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, குழந்தைகளை நோய்க்கும் சாவுக்கும் இரையாக்கிய கொடுமை பல ஏழை நாடுகளில் நிகழ்ந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 1981-இல் வகுத்த நியதியை ஒட்டி, ஜனாதிபதி கொராசோன் அக்கீனோ 1986 அக்டோபரில் 51-ஆம் எண்ணுள்ள ஆணையைப் பிறப்பித்தார். 'பால் சட்டம்' என்று வழங்கும் அந்த ஆணை, செயற்கைப் பாலை உயர்வாகக் காட்டும் படமோ வாசகமோ டப்பாவின் மேல் இருக்கலாகாது என்று விதித்தது. விளம்பரங்களை முன்கூட்டியே பரிசீலிக்க ஒரு குழுவையும் ஏற்படுத்தியது. 2006-இல் சுகாதார இலாகா இன்னும் கடுமையான விதிகளை எழுதி, விளம்பரத்தையே முற்றிலும் தடைசெய்ய முயன்றபோது, கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 2007 அக்டோபரில் வெளியான தீர்ப்பில் நீதிமன்றம், முழுத் தடையை விதிக்க இலாகாவுக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லையென்று அதை நீக்கிவிட்டு, விளம்பரங்களைக் கண்காணிக்கும் அதிகாரத்தையும் மற்றப் பெரும்பாலான விதிகளையும் நிலைநிறுத்தியது. எந்தப் படம் தாயின் மனத்தை மயக்கும், எது மயக்காது என்று படம் படமாக ஆராய்ந்து அனுமதி கொடுக்கும் பொறுப்பு, அதன் பின்னரும் அந்தக் குழுவின் வசமே இருந்துவருகிறது.